கொரோலா 110 (5ஏ என்ஜின்) டைமிங் பெல்ட்: இரண்டு சுற்றுக்குப் பிறகு கேம் குறி பொருந்தவில்லை

நெல்லியடி110:

வணக்கம். கார் 1997 கொரோலா 110, 1498 சிசி 5ஏ-எஃப்இ பெட்ரோல், மானுவல் கியர். கடைசியாக எப்போது டைமிங் பெல்ட் (பிஸ்டன்கள் சுற்றும் கிராங் தண்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றவைக்கும் பல் பெல்ட்) மாற்றியது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. மேல் கவரைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் மயிர்போல வெடிப்புகள், ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. கேம் கப்பிக்குக் கீழே ஒயில் கசிவும் இருந்தது. அதனால் பெல்ட், அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனர் பெயாரிங், அதன் ஸ்பிரிங், வோட்டர் பம்ப், கேம் சீல், முன் கிராங் சீல் எல்லாம் புதிதாக வாங்கி வீட்டிலேயே பிரித்தேன்.

ஒயில் சட்டிக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் என்ஜினைத் தாங்கி, வலப்பக்க மவுண்டிங்கைக் கழற்றினேன். கிராங் கப்பி போல்ட் 19 சொக்கெட்டுக்கு அசையவே இல்லை. மச்சான் கடைசிக் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்க, நீளக் குழாய் போட்டுத்தான் இளக்கினேன். அதுவரை எல்லாம் சரி.

புது பெல்ட்டைப் போடும்போது கிராங் பல்சக்கரத்தின் புள்ளி ஒயில் பம்ப் உடம்பிலுள்ள குறிக்கு நேராக நின்றது. கேம் கப்பியின் சிறு துளை வழியாக, பின்னால் கேமைப் பிடித்திருக்கும் பெயாரிங் கேப்பின் வெட்டும் நடுவில் தெரிந்தது. பிறகு கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கொண்டுவந்தால் கிராங் புள்ளி சரியாக நிற்கிறது, ஆனால் கேம் துளைக்குள் வெட்டின் ஒரு ஓரம் மட்டும் பிறைபோலத் தெரிகிறது. பெல்ட்டில் அச்சிட்ட வெள்ளைக் கோடுகளும் வேறெங்கோ போய்விட்டன. இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. இப்படியே பூட்டலாமா, திரும்பக் கழற்ற வேண்டுமா?

டீசல்காரன்:

நான் பழைய 2சி டீசலில்தான் பழகியவன். அதில் கேமையும் இன்ஜெக்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. ஒரு பல் தவறினால் பம்ப் டைமிங்கும் போச்சு, பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும். உங்கள் 5ஏ அப்படி முட்டாத வகை என்பார்கள். சும்மா ஒருக்கா ஸ்டார்ட் செய்து பாருங்கோ, நன்றாக ஓடினால் விடலாம்.

மட்டுநகர் மெக்கானிக்:

ஸ்டார்ட் செய்ய வேண்டாம் தம்பி. வால்வும் பிஸ்டனும் முட்டாது என்பது உண்மைதான், அதனால்தான் இந்த என்ஜினை வீட்டில் பயமில்லாமல் பிரிக்கலாம். ஆனால் முட்டாது என்பதும் டைமிங் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு விஷயம். ஒரு பல் பின்தங்கினால் கிராங் கணக்கில் பத்துப் பாகைக்கு மேல் பிழை. ஐடிலில் ஓடும், உங்களுக்கும் நல்லாயிருப்பதாகத் தெரியும். பிறகு ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், காரணம் தேடி பிளக்கும் கொயிலும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கவர் திறந்து கிடக்கும் இப்போதே பார்த்து முடியுங்கோ.

முதலில் வெள்ளைக் கோடுகளை மறந்துவிடுங்கோ. அவை பூட்டும் நேரத்துக்கு மட்டும் உதவுபவை. பெல்ட்டின் பற்களின் எண்ணிக்கையும் கப்பிகளின் பற்களும் இரண்டு சுற்றில் ஒன்றாகத் திரும்பி வருவதில்லை. வெளிக் கிராங் கப்பியின் பள்ளத்தையும் மட்டும் நம்ப வேண்டாம், பழைய கப்பிகளில் நடு ரப்பர் இளகி வெளி வளையம் நகர்ந்திருக்கலாம். உள்ளே பல்சக்கரப் புள்ளியைப் பார்த்தீர்கள், அது நல்லது.

அடுத்தது கேம் துளையை எங்கிருந்து பார்க்கிறீர்கள்? மேலே குனிந்து பார்த்தால் கண் சரிவாகப் போய், சரியான குறியும் தள்ளி நிற்பதுபோலக் காட்டும். போனை கேம் போல்ட்டின் உயரத்துக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுங்கோ. அந்தக் கப்பியில் வேறு துளைகளும் இருக்கும், அவற்றில் ஒன்றைக் குறியென்று பிடித்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. கப்பிகளை நேரே பார்த்து நிற்கும்போது என்ஜின் சுற்றுவது வலஞ்சுழியாக. அந்தத் திசையில் துளை வெட்டைத் தாண்டிப் போயிருக்கிறதா, இன்னும் எட்டாமல் நிற்கிறதா? முன்பு எப்போதாவது என்ஜின் சூடேறி ஹெட்டின் (கேம் இருக்கும் மேல்பகுதியின்) அடியை மெஷினில் சீவினார்களா?

நெல்லியடி110:

நன்றி அண்ணா. போனை நேரே பிடித்து எடுத்தேன். சரிவுப் பார்வையால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது, ஆனாலும் குறி தள்ளித்தான் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு முழுப் பல். துளை வெட்டை எட்டவில்லை. ஹெட்டில் கை வைத்ததாகத் தெரியவில்லை, கேஸ்கெட் ஓரமும் பழையபடியே இருக்கிறது.

மட்டுநகர் மெக்கானிக்:

அப்படியென்றால் விளங்குகிறது. அரைப் பல்லுக்கும் குறைவென்றால் ஹெட்டைச் சீவியதைச் சந்தேகிக்கலாம். ஹெட் இறங்கினால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் குறைந்து கேம் சிறிது பின்தங்கும், அதற்குப் பல்லை மாற்றினால் மறுபக்கம் பிழைத்துவிடும். முழுப் பல் பின்தங்கினால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பூட்டும்போது தொய்வு தவறான பக்கத்தில் நின்றிருக்கிறது.

கிராங் வலஞ்சுழியாகச் சுற்றும்போது கேமைக் கீழே இழுப்பது வலப்பக்கப் பெல்ட். டென்ஷனர் இருப்பது இடப்பக்கம். வலப்பக்கத்தில் தொய்வை விட்டுப் பூட்டினால், கிராங் முதலில் அந்தத் தொய்வை இழுத்தெடுத்த பிறகுதான் கேமைத் திருப்பத் தொடங்கும். அதற்குள் கேம் ஒரு பல் பின்னுக்கு. நிற்கும்போது இரண்டு குறியும் நேராகத்தான் இருக்கும், சுற்றியதும் வெளிப்படும். அதற்காகத்தான் அந்த இரண்டு சுற்று.

இப்படிச் செய்யுங்கோ. பிளக் நான்கையும் கழற்றி வையுங்கோ, கிராங் கைக்கு இலேசாக வரும். கிராங் புள்ளியைக் குறியில் வைத்து, டென்ஷனர் போல்ட்டை இளக்கி இடப்பக்கம் முழுதாகத் தள்ளி இறுக்குங்கோ. கேம் கப்பியிலிருந்து மட்டும் பெல்ட்டை எடுங்கோ, கீழே கிராங்கில் இருக்கட்டும். வால்வு கவர் கழற்றித்தானே இருக்கிறது, கேமில் ஆறுமூலைப் பகுதி ஒன்று இருக்கும், அதில் ஸ்பானரைப் போட்டு கேமைக் குறியைத் தாண்டி அரைப் பல் அளவு முன்னே கொண்டு போங்கோ. வலப்பக்கப் பெல்ட்டைக் கையால் விறைப்பாக மேலே இழுத்துப் பல்லில் இருத்துங்கோ. பிறகு கேமை மெல்ல இடஞ்சுழியாகக் குறிக்குக் கொண்டு வந்தால் வலப்பக்கம் தந்திபோல விறைக்கும். மிச்சத் தொய்வு முழுவதும் இப்போது டென்ஷனர் பக்கம்.

அதன் பின் டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று இளக்கி ஸ்பிரிங்கை அதன் வேலையைச் செய்ய விடுங்கோ. வலஞ்சுழியாக இரண்டு சுற்று. குறியைத் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாமல் திரும்பவும் இரண்டு சுற்று போய் வாருங்கோ, பின்னுக்குத் திருப்பினால் தொய்வு இடம் மாறும். இரண்டு குறியும் நின்றால் டென்ஷனர் போல்ட்டை 37 நியூட்டன் மீட்டருக்கும் கிராங் போல்ட்டை 118-க்கும் இறுக்குங்கோ. டென்ஷனரை அலவாங்கு போட்டு நெம்பி இறுக்கும் பழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. அப்படி இறுக்கிய பெல்ட் ஓடும்போது ஊளையிடும், பெயாரிங்கும் கெதியாகப் போகும்.

சாமான்கடை:

இடையில் ஒன்று. கிராங் பல்சக்கரத்துக்கு முன்னால் மெல்லிய தட்டுப்போல ஒரு பெல்ட் கைட் வரும், அதைப் பூட்டினீர்களா? குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பழைய பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்திருந்ததென்றால் அது இல்லாமலோ தலைகீழாகவோ ஓடியிருக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய என்ஜின்களோடு இந்தத் தட்டு கிடைக்கும், அதைப் பழசாக வாங்கலாம். டென்ஷனர் பெயாரிங்கை மட்டும் பழசு வாங்காதீர்கள், கையில் சுற்றினால் நன்றாக இருப்பதுபோலத்தான் இருக்கும்.

நெல்லியடி110:

சாமான்கடை சொன்னது சரி, தட்டு தலைகீழாகத்தான் இருந்தது, பெல்ட் உரசிய வட்டம் பளபளப்பாகத் தெரிகிறது. திருப்பிப் பூட்டிவிட்டேன். அண்ணா சொன்னபடி கேமை முன்னே தள்ளிப் பின்னுக்குக் கொண்டு வந்தபோது வலப்பக்கம் விறைத்ததைக் கையிலேயே உணர்ந்தேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு துளையின் நடுவில் வெட்டு முழுதாக நிற்கிறது. இன்னொரு இரண்டு சுற்றும் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்தது.

இரண்டு சந்தேகம். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவில்லை, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் போட்டுப் பார்க்க வேண்டுமா? மற்றது, அக்சிலரேட்டர் மிதிக்கும்போது முன்பக்கத்தில் மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. பெல்ட்டை அதிகமாக இறுக்கிவிட்டேனோ என்று யோசனை.

மட்டுநகர் மெக்கானிக்:

கட்டாயம் பாருங்கோ. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான், பழைய பெல்ட் தொய்ந்திருந்தபோது யாராவது அதற்கேற்ப அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை பாகை முன்பே பொறி விழுகிறது என்பது) திருப்பி வைத்திருக்கலாம். என்ஜின் சூடானதும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 என்று எழுதிய இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்து ஐடிலில் லைட் அடியுங்கோ. 10 பாகை இருக்க வேண்டும். கம்பியைப் போடாமல் பார்த்தால் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அட்வான்ஸ் கூட்டும், அந்த எண் உதவாது.

சத்தத்துக்கு அல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கோ. இந்த என்ஜினில் வோட்டர் பம்பைச் சுற்றுவது அந்தப் பெல்ட்தான், அதனால் கூட நேரம் விடக்கூடாது. சத்தம் நின்றால் டைமிங் பெல்ட்டில் பிரச்சினை இல்லை.

நெல்லியடி110:

லைட் அடித்தேன், 13 பாகையில் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி 10-க்கு வைத்தேன். அல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றியதும் விசில் நின்றுவிட்டது. பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல மினுங்குகிறது, முன்பு கசிந்த ஒயில் பட்டிருக்க வேண்டும். நாளைக்குப் புதிது வாங்கிப் பூட்டுகிறேன். கேம் சீல் பக்கம் இதுவரை ஒரு சொட்டும் இல்லை.