இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு: எந்த இடத்தில் சேரலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டேன். இறுதியாண்டு ப்ராஜெக்டில் ஈ.கோலி பாக்டீரியா நீந்துவதைக் கணினியில் மாதிரி செய்தேன். ஒரு நொடி போல நேராகப் போகும், சட்டென்று உருண்டு திசை மாறும், மறுபடி ஓடும். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் புத்தகத்தைத் தொட்டதில்லை, பிப்பெட் பிடித்ததும் இல்லை.

பிஎச்டிக்கு இரண்டு இடங்கள் மனதில் உள்ளன. ஒன்று, தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியல். எனக்குத் தெரிந்த கணிதத்தோடே நுழையலாம், வீடும் பக்கம். இன்னொன்று பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்). அங்கே சோதனை ஆய்வகங்கள் நிறைய, கோட்பாட்டாளர்களும் உண்டு. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் எங்கேயும் ஒன்றுதான், அதனால் பணம் பிரச்சினை இல்லை.

சிதம்பரத்தில் பிறந்த, நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்டி வாங்கிய பிறகு மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ முதல் பிஎச்டியை முடி" என்றார்!

துறை மாறியவர்கள் சொல்லுங்கள். சோதனை வேலையை முதலிலேயே கற்பது நல்லதா, கணக்கை வைத்துக்கொண்டு மெல்ல நகர்வதா? வழிகாட்டியை உறுதி செய்யும் முன் சில மாதம் அவர் ஆய்வகத்தில் இருந்து பார்க்க வழி உண்டா? நேர்காணலில் உயிரியல் எவ்வளவு கேட்பார்கள் என்பதுதான் பெரிய பயம்.