எலுமிச்சைக்குச் சொட்டுநீர் எத்தனை மணி நேரம்? பிஞ்சு கொட்டுது, அவசரம்

செவக்காட்டான்:
புளியங்குடி பக்கம் 150 எலுமிச்சை. மதியம் இலை சுருளுது, ஒரு வாரமா பிஞ்சு கொட்டுது. தினமும் 1 மணி நேரம் சொட்டுநீர் விடுறேன். போதுமா, கூட்டணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மேற்குமலை:
மரத்துக்கு எத்தனை வயசு? ஒரு மரத்துக்கு எத்தனை டிரிப்பர்? என்ன மண்ணு?

உரக்கடை_தென்காசி:
பிஞ்சு கொட்டுறது நுண்ணூட்டக் குறைங்க. துத்தநாகமும் போரானும் தெளிங்க. தண்ணிய அப்புறம் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:
இங்க பல தடவை எழுதிட்டேன், யாரும் படிக்கிறதில்ல. தண்ணிய மணிக்கணக்குல அளக்கக் கூடாது தம்பி, லிட்டர்ல அளக்கணும். உச்சி வெயில்ல மரத்து நிழலோட குறுக்களவு எத்தனை மீட்டர்? முதல்ல அதைச் சொல்லும்.

செவக்காட்டான்:
6 வருஷ மரம். செவல். நிழல் 4 மீட்டர் வரும். 2 டிரிப்பர், ஒவ்வொண்ணுலயும் மணிக்கு 4 லிட்டர்னு போட்டிருக்கு.

கணக்குப்பிள்ளை:
4 மீட்டர்னா குடைப் பரப்பு 12.5 சதுர மீட்டர். இந்த வெயிலுக்கு நாளைக்கு 6 மி.மீ. ஆவியாகுதுன்னு வை. எலுமிச்சைக்கு அதுல 0.7 பங்கு, அதாவது 4.2 மி.மீ. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. நின்னா 1 லிட்டர். ஆக 52 லிட்டர். குழாய்ல வீணாகுறதையும் சேர்த்தா 58. நீ விடுறது 8. மரம் சுருளாம என்ன செய்யும்?

மேற்குமலை:
அந்த 8 லிட்டரும் விழுதான்னு பார்க்கணும் அண்ணே. நம்ம பக்கத்து போர் தண்ணியில உப்பு படிஞ்சு டிரிப்பர் அடைச்சுக்கும். செவக்காட்டான், டிரிப்பருக்குக் கீழே ஒரு டம்ளர் வச்சு 6 நிமிஷம் பிடிங்க. கிடைச்சதை 10-ஆல பெருக்கினா மணிக்கு எவ்வளவுன்னு தெரியும். லைனோட தலையில ஒண்ணு, கடைசியில ஒண்ணு. டிரிப்பர் தூர்ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கு?

பழையவயல்:
சொட்டுநீர் போட்டதே தப்பு. எங்க அப்பா பாத்தி கட்டி வாரம் ஒரு தடவை பாய்ச்சினாரு, மரம் 25 வருஷம் நின்னுச்சு.

மேற்குமலை:
பாத்தித் தண்ணி தூரைத் தொட்டு நின்னா பட்டையில கோந்து வடியும். உங்க அப்பா இரட்டை வட்டப் பாத்தி கட்டியிருப்பாரு, தூரைச் சுத்தி ஒரு வரப்பு, வெளிய ஒரு வரப்பு, நடுவுல மட்டும் தண்ணி.

பழையவயல்:
ஆமா, இரட்டை வட்டம்தான். அதைத்தான் இப்ப யாரும் கட்டுறதில்லன்னு சொல்றேன்.

கணக்குப்பிள்ளை:
அப்ப கிணத்துல தண்ணி கிடந்துச்சு. இப்ப வாரம் ஒரு தடவை 150 பாத்தியையும் நிரப்புறதுக்கு எந்த போர் தாங்கும்?

வேரடி:
மண்ணுல ஈரம் எவ்வளவுன்னு காட்டுற டென்சியோமீட்டர் ஒண்ணு வாங்கி 1 அடி ஆழத்துல நட்டா இந்தச் சண்டையே வேண்டாம்.

மேற்குமலை:
இல்லாட்டி மண்வெட்டி போதும். 1 அடி தோண்டி மண்ணைக் கையில பிடிங்க. உருண்டை நின்னா ஈரம் இருக்கு, உதிர்ந்தா இல்ல. டிரிப்பருக்கு நேர் கீழே பிடிக்காதீங்க, குடை ஓரத்துல பிடிங்க.

செவக்காட்டான்:
அளந்தேன். தலையில 380 மில்லி, கடைசியில 170. டிரிப்பர் தூர்ல இருந்து 1 அடிதான், நட்டப்ப வச்ச இடம். குடை ஓரத்துல மண் பொடியா உதிருது.

மேற்குமலை:
விஷயம் அங்கதான் இருக்கு. கடைசி டிரிப்பர்ல மணிக்கு 2 லிட்டர்கூட வரல. கன்னுக்கு வச்ச டிரிப்பர் அப்படியே நிக்குது, வேர் வெளிய போயிடுச்சு. ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் (டிரிப்பர் மாட்டின சின்னக் குழாய்) கடைசி மூடியைத் திறந்து கலங்கல் போற வரைக்கும் விடுங்க. அப்புறம் மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் நாலு, குடை ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ள. மணிக்கு 32 லிட்டர், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். மழை பெய்ஞ்சா குறைங்க. போர் எவ்வளவு தருது?

செவக்காட்டான்:
200 லிட்டர் டிரம் 3 நிமிஷத்துல நிறையுது.

கணக்குப்பிள்ளை:
மணிக்கு 4,000. 150 மரத்துக்கும் ஒண்ணா விட்டா 4,800 வேணும், கடைசி மரத்துக்கு எட்டாது. வால்வு போட்டு ரெண்டாப் பிரி.

செவக்காட்டான்:
மூடி திறந்தேன், வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சு. பாதித் தோப்புக்கு டிரிப்பர் மாத்தியாச்சு. நன்றி அண்ணே.

உரக்கடை_தென்காசி:
ரெண்டு வாரம் ஆச்சு, மாத்தின பாதியில பிஞ்சு நிக்குதா?