கோலப்பொடியில் ஊர் வரைந்த நாள்: ஊராட்சித் திட்டம் போட எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்த உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கரிசல்காட்டுக்காரி:

மூன்று வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வேறு எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு விருதுநகர் மாவட்டம். நான் அப்போது மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் செயலாளர். 2022 செப்டம்பர் கடைசி. அக்டோபர் 2 கிராமசபைக்கு முன்னால், ஊராட்சித் திட்டத்துக்காக ஊர் வரைபடம் போட்டாக வேண்டும். எப்படிப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் தெருவுக்கு வெள்ளைப் பொடி, குழாய்க்கு நீலம், விளக்குக்கு மஞ்சள், கழிப்பறை இல்லாத வீட்டுக்குப் புளியங்கொட்டை. தலைவர், துணைத்தலைவர், மூன்று தெருப் பெரியவர்கள், தலைமையாசிரியர், அங்கன்வாடி டீச்சர், கிராம செவிலியர், நாங்கள் என்று எல்லாரும் ஒரே தரையில் குனிந்து நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் நீலப் பொடியைக் கை நிறைய அள்ளி, தொட்டியிலிருந்து கிழக்குத் தெரு வழியாகக் காலனி வரைக்கும் ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். அழகான கோடு. ஜல் ஜீவன் குழாய் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது, அதனால் அவர் போட்டது தப்பில்லை.

காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்கார்ந்தார். முந்தானை நுனியால் கோட்டின் கடைசி ஒரு சாண் நீளத்தைத் துடைத்தார். "இம்புட்டுத் தொலவுக்குத்தான் தண்ணி வரும். அதுக்கங்கிட்டு வெறுங்கொழாயி."

யாரும் பேசவில்லை. தலைவர் ஆபரேட்டரைப் பார்த்தார். "மேடுங்கய்யா, ஏறாது" என்றார் அவர். அப்போது துணைத்தலைவர், அவரும் கிழக்குத் தெருதான், மெதுவாகச் சொன்னார்: "மேடு மட்டும் இல்ல. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மோட்டார் வச்சு உறிஞ்சுறோம். எங்க வீட்லயும் இருக்கு." பதினைந்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

காலனிக்குத் தனியாக ஒரு போர்வெல், ஒரு சின்டெக்ஸ் தொட்டி. அதுதான் முதல் வேலை என்று அங்கேயே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கிராமசபையிலும் அப்படியேதான் வாசித்தார்கள். ஆனால் இணையதளத்தில் ஏறிய பட்டியலில் அது பதினான்காவது. முதலாவது பேவர் பிளாக் சாலை. நடுவில் யார் கை வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைவரும் தெரியாது என்றுதான் சொன்னார், அவரை நான் நம்புகிறேன்.

உங்கள் ஊரில் எப்படி நடந்தது? சேர்ந்து போட்ட திட்டம் சேர்ந்தபடியே நின்றதா?

வரத்துக்கால்:

எங்களுடையது சிவகங்கைப் பக்கம். போன தடவை வார்டு உறுப்பினராக இருந்தேன்.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் பக்கத்து ஊராட்சி வழியாகத்தான் வர வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாய், அதாவது வரத்துக்கால், அவர்கள் எல்லைக்குள் ஒரு அறுநூறு மீட்டர் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது. அதைத் தூர்வாரினால் அவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட லாபம் கிடையாது. நூறு நாள் வேலையின் ஆட்களையும் நாட்களையும் எங்களுக்காக அவர்கள் ஏன் செலவழிக்க வேண்டும்? திட்டப் படிவமோ ஊராட்சிக்கு ஒன்று, தனித்தனி. போதாக்குறைக்கு இரண்டு தலைவர்களும் கோயில் மரியாதைத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்.

வேலைகளுக்கு மதிப்பீடு போடும் ஒன்றிய ஓவர்சியர்தான் இரண்டு பேரையும் ஒரே நாளில் கால்வாய்க்கு வரச் சொன்னார். எங்கள் தலைவர் எல்லைக்கல் வரைக்கும் நடந்து அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு முள்ளை வெட்டி வெட்டி வழி பண்ணிக்கொண்டே வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, அரிவாளைத் திருப்பிப் பிடியை இவர் பக்கம் நீட்டினார். "வாங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். எங்கள் தலைவர் வாங்கிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கேயே பேசி முடித்தார்கள். அவர்கள் வரத்துக்காலைத் தூர்வாருவது, பதிலுக்கு எங்கள் எல்லைக்குள் போகும் அவர்களுடைய சுடுகாட்டுப் பாதைக்கு நாங்கள் மெட்டல் போட்டுத் தருவது. இரண்டு ஊராட்சியிலும் தீர்மானம் ஆனது.

அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். அடுத்த ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. எங்களால் பாதை போட முடியவில்லை. அந்த இடம் கணக்கில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதாம், மதிப்பீடு போடவே மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். அந்த மழையிலேயே அவர்கள் ஊர்ப் பாடை ஒன்று முழங்கால் சேற்றில் போனது. தூக்கிப் போனவர்களில் அந்தத் தலைவரும் ஒருவர். நான் கரையில் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஓய்வு பெற்றவன்:

ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். என் கதை சிறியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராமசபைக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, எல்லாருக்கும் தெரியும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஒரு ஊரில் நாற்பது பேர்தான் வந்தார்கள். மிச்சக் கையெழுத்துக்கு நானே நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்ன சார் பேசினாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது தப்பு. பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி இன்னும் வருகிறது.

இப்போது முதல் பதிவுக்கு வருகிறேன். அம்மா, "யார் கை வைத்தார்கள் தெரியாது" என்று விட்டுவிடக்கூடாது. பட்டியல் தானாக இடம் மாறாது. 2021-26க்கான மத்திய 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்த பணம், மீதி 40 சதவீதம்தான் ஊராட்சி விருப்பத்துக்கு. பேவர் பிளாக் அந்த 40க்குள் வருவது, உங்கள் சின்டெக்ஸ் தொட்டி 60க்குள் வருவது. இரண்டுக்கும் போட்டியே கிடையாது. ஆகவே "நிதி இல்லை, அதனால் கீழே போட்டோம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊராட்சித் திட்டங்கள் ஏறும் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் உங்கள் திட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அந்த வேலை எந்தத் தலைப்பின் கீழ் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, கிராமசபையில் வாசித்தது தீர்மானமாக எழுதப்பட்டதா, எண் என்ன என்று பாருங்கள். வாசித்தது வேறு, நோட்டில் ஏறியது வேறு. கூட்டம் முடிந்து கையெழுத்து வாங்கும்போது, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு இழுத்து அடைத்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். அப்புறம், உங்கள் குழுக்கள் தயாரிக்கும் வறுமை குறைப்புத் திட்டத்திலும் அதே வேலையை எழுதி, ஊராட்சி செயலரிடம் கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஓவர்சியரிடம் மதிப்பீடு போட்டுக் கேளுங்கள். மதிப்பீடு இல்லாத வேலை பட்டியலில் முதலாவதாக நின்றாலும் நடக்காது.

வரத்துக்கால் தம்பிக்கும் ஒன்று. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அந்தக் கண்மாய் ஒன்றியத்தின் பொறுப்பு இல்லை, நீர்வளத் துறையினுடையது. அடுத்த தடவை தூர்வாருவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பாதை போட முடியாது என்பது சட்டம்தான், அதில் ஓவர்சியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

வரத்துக்கால்:

ஐயா, ஓவர்சியரை நான் குறை சொல்லவே இல்லை. அவர் இல்லையென்றால் அந்த இரண்டு பேரும் ஒரே கரையில் நின்றிருக்கவே மாட்டார்கள். அ பதிவேட்டைப் பார்க்கவில்லை என்பது எங்கள் தப்பு, சரி. ஆனால் கிராம நிர்வாக அலுவலரையும் அன்றைக்குக் கால்வாய்க்குக் கூப்பிட்டிருந்தோம். அவர் வரவில்லை. வரவேண்டிய ஒருவர் வராததால் கெட்டுப்போன வாக்கு அது.

மேட்டுக்காடு:

முன்னாள் துணைத்தலைவர். கொங்குப் பக்கம்.

முதல் பதிவில் அந்தத் துணைத்தலைவர் சொன்ன வார்த்தையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்பது தெரிந்ததே. அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்து மாசம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தலைவர் பெண். கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர்தான் வருவார், பேசுவார், அதிகாரம் பண்ணுவார். "ஓட்டு வாங்கினது அம்மிணி, அவங்க வரட்டும், அப்பக் கையெழுத்துப் போடறேன்" என்று நான் சொல்லிவிட்டேன். நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்து மாசமும் தூய்மைக் காவலர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் போகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மஞ்சப்பையில் காசோலைப் புத்தகத்தோடு அவரே தனியாக என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரவில்லை. "அண்ணா, நீங்க சொன்னது சரிதான். இனி நானே வர்றேன். ஆனா நான் வரலீனு அவங்களப் பட்டினி போட்டீங்களே, அது சரிங்களா?" என்று கேட்டார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் நாங்கள் இருவரும் சேர்ந்தே திட்டம் போட்டோம். சண்டையும் போட்டோம், ஆனால் சண்டை நோட்டில் போட்டோம், காசோலையில் இல்லை. ஓய்வு பெற்ற ஐயாவுக்கு ஒன்று: தீர்மான எண், நகல், மதிப்பீடு எல்லாம் வேண்டும்தான். தலைவரும் துணைத்தலைவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அத்தனையும் அலமாரியில்தான் கிடக்கும்.

சித்தூர்க்காரி:

நான் கேரளத்தில் இருக்கிறேன், பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கம், வீட்டில் தமிழ். இங்கே கிராமசபை வார்டுக்கு வார்டு தனியாக நடக்கும். 1996இல் மக்கள் திட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்தே, அதில் வந்த கோரிக்கைகளைப் பணிக்குழுக்களில் பேசி, அப்புறம் வளர்ச்சிக் கருத்தரங்கில் வைப்பார்கள்.

ஒரு கருத்தரங்கில் எங்கள் தெருவுக்குக் கால்வாய் ஓரத் தடுப்புச் சுவர் கேட்டு எழுந்தேன். மலையாளம் புரியும், ஆனால் மேடை முன்னால் நின்றால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. பாதியில் தடுமாறிவிட்டேன். பக்கத்து வார்டு உறுப்பினர், எங்கள் வார்டுக்காரருக்கு எதிர்க்கட்சி, எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்ல வரி வரியாக மலையாளத்தில் சொன்னார். "என் பையன் போன வருஷம் அதில் விழுந்தான்" என்று நான் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். அந்தச் சுவருக்குப் பணம் போனால் அவர் வார்டு வேலை ஒன்று தள்ளிப் போகும். அது அவருக்கும் தெரியும்.

சுவர் வந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. எங்கே பார்த்தாலும் நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

கரிசல்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சித்தூர்க்காரி, நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஐயா, நீங்கள் சொன்ன 60, 40 கணக்கு அன்றைக்கு எங்கள் யாருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்போம். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு மருமகளை விட்டு இணையதளத்தில் தேடினேன். எங்கள் வேலையைக் குடிநீர்த் தலைப்பில் போடவே இல்லை, சாலையோடு சேர்த்து மற்றவை என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளாக யாரோ வேண்டுமென்றே கீழே தள்ளினார்கள் என்று மனசுக்குள் ஒருவரை நினைத்து வைத்திருந்தேன். அவராக இருக்காதோ என்று இப்போது தோன்றுகிறது. அந்த மனிதரிடம் இரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவரின் பதவிக்காலம் முடிந்து, அவர் இடத்தில் அரசு வைத்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு எங்கள் ஊர் மாதிரி எத்தனையோ ஊர். நவம்பர் 1 கிராமசபைக்கு முன்னால் முன்னாள் துணைத்தலைவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வரும் நேரம். அவர் வீட்டு மோட்டாரைக் காணோம், இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தார். பக்கத்து வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நான் ஒருத்தன் எடுத்தா மேட்டுக்கு ஏறிருமா தாயி?" என்றார். ஏறவில்லை என்பது எனக்கும் தெரியும். காலனியில் அந்தப் பாட்டி இன்னும் தூக்குவாளியோடுதான் கீழே இறங்கி வருகிறார்.

வரைபடப் போட்டோ என் போனில் இருக்கிறது. துடைத்த இடத்தில் மண் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு நானும் முன்னாள் துணைத்தலைவரும் சேர்ந்து ஒன்றிய அலுவலகம் போவதாக இருக்கிறோம். குடிநீர்த் தலைப்பில் மாற்றி ஏற்ற இந்த வருஷத் திட்டத்துக்குள் இன்னும் வழி இருக்கிறதா ஐயா? இருந்தால் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், சொல்லுங்கள்.