ஆண்டு விழா நாடகம்: கொலையாளியைப் பிடிப்பது ரீச்சர்தான்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நாடகத்தை எழுதி முடித்துவிட்டேன். துப்பறிபவர் பொலிஸ்காரராக இருக்கட்டும் என்று போன கிழமை இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் ரீச்சரையே வைத்திருக்கிறேன். பொய் சொன்னால் யாருக்குக் காது சிவக்கும், யார் யாரைப் பார்த்து எழுதினவர் என்பதெல்லாம் ஊரில் அவருக்குத்தான் தெரியும். நாற்பது வயதுக்காரரும் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்.

கதை இதுதான். சிறுபோகம், தண்ணீர் முறைக்குச் சண்டை நடக்கிற நேரம். வட்டிக்குக் காசு கொடுக்கும் பெரியவர் குளத்து மதகடியில் செத்துக் கிடக்கிறார். கணுக்காலில் இரண்டு துளை. புடையன் பாம்பு கடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டி, பந்தலுக்குத் தடி வெட்டவும் போய்விட்டது. ரீச்சர் மட்டும் அடிமட்டத்தோடு குந்துகிறார். துளை இரண்டும் ஒரே ஆழம், கோடு போட்ட மாதிரி நேர். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அதில் இரத்தம் உறைந்து கறுத்திருக்கிறது. புடையன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அப்போ துளை போட்டது எது? எட்டாம் ஆண்டுப் பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியில், ஊசி இரண்டுள்ள கவராயத்தைக் காணவில்லை.

பெட்டிக்காரப் பிள்ளையின் தகப்பன், அன்றிரவு வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொல்கிறார்.

"முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டனியோ?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப பிள்ளையளுக்கு வாங்கின கச்சான் எங்க?"

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ்ஸால் இறங்கினவர் கச்சான் கடலை வாங்காமல் ஏறுவாரோ? ஆள் முழிக்கிறார். இந்த இடத்தில் மண்டபம் அதிரும், பாருங்கள்.

கடைசியில் கடன் சீட்டு வருகிறது. 'கடன் தீற்ந்தது' என்று பெரியவரே எழுதிக் கொடுத்ததாம். ரீச்சர் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறார். தமிழில் இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: வாய்க்கால், தீர்ந்தது, வாழ்த்து. ற் அங்கே வரவே வராது. இந்தப் பிழைக்காக மூன்றாம் வகுப்பில் அவர் நூறு தரம் எழுத வைத்தது ஒரே ஒருவனை.

சரி, இன்னொரு கேள்வி. 2009ஐக் கண்ட மண்ணில் கொலையை வைத்துச் சிரிக்கலாமா என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். வாசித்தபின் இரண்டு நாள் நான் பேனையைத் தொடவில்லை. எங்களுடைய எத்தனை சாவுக்கு, இது எப்படி நடந்தது என்று கேட்க ஒருவரும் வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தது காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுத்தான். நாடகத்தில் செத்தவரை ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது, ரீச்சருக்கும் பிடிக்காது. ஆனாலும் அவர் எப்படிச் செத்தார் என்று தெரியாமல் ரீச்சர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார். அக்கா, அந்தக் காட்சியை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். நேரம் காணாவிட்டால் பாட்டு இரண்டைக் குறைப்போம்.

ரீச்சர் வேடத்துக்கு ஆள் வேண்டும், குரல் கணீரென்று இருக்க வேணும். ஊரில் இருப்பவர்கள் யாராவது மதகுக் கதவு திறக்கிற சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். பொழுதுபட்ட பிறகு எடுத்தால் நல்லது. தவளைச் சத்தம் சேர்ந்து வந்தால் அப்படியே விடுங்கள்.