லீக் சுற்றில் முதலிடம், பிளே-ஆஃபில் முதல் சுற்றிலேயே தோல்வி: காரணம் என்ன?

நீலக்கோடு:

வணக்கம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியைச் சில சீசன்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரு கேள்வி மட்டும் நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடி, 32 அணிகளில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு பிரெசிடென்ட்ஸ் கோப்பை கிடைக்கிறது. 1985-86 சீசன் முதல் வழங்கப்பட்டுவரும் அந்தக் கோப்பையை வென்ற கையோடு பிளே-ஆஃப் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் வெல்வது, 2025 வரை எட்டே முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக அதைச் செய்தது 2013-ல் சிகாகோ.

2022-23 சீசனில் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்றது. லீக் வரலாற்றில் வேறெந்த அணியும் அதுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அப்படிப்பட்ட அணி, வெறும் 92 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் உள்ளே நுழைந்த ஃபுளோரிடா பாந்தர்ஸிடம், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே வெற்றி என்ற தொடரில் 3-1 என முன்னிலை பெற்றிருந்தும், முதல் சுற்றிலேயே தோற்றுப்போனது. இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது பிளே-ஆஃபில் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறதா?

கோல்வலை:

இரண்டும் உண்டு. முதலில் விதிகளைப் பாருங்கள். லீக் சுற்றில் ஆட்டம் சமநிலையில் முடிந்தால், அணிக்கு மூன்று பேர் வீதம் ஐந்து நிமிட ஓவர்டைம், அதிலும் முடிவு வராவிட்டால், வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்ளும் ஷூட்-அவுட். அங்கே தோற்கும் அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. பிளே-ஆஃபில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. ஐந்துக்கு ஐந்து என்ற முழு அணியுடன், யாராவது ஒரு கோல் அடிக்கும் வரை, இருபது இருபது நிமிடங்களாக ஆட்டம் நீண்டுகொண்டே போகும். மூன்று பேர் ஆடும் விரிந்த பனித்தளத்தில் புள்ளி சேர்க்கத் தெரிந்த அணிக்கு அந்தத் திறமை இங்கே பயன்படாது.

அடுத்தது கோல்கீப்பர். மூன்று நான்கு கோல்களில் முடிவாகிவிடும் விளையாட்டில், ஒரே ஒருவர் இரண்டு வாரங்களுக்கு உச்சத்தில் நின்றால் மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். 2010-ல் 121 புள்ளிகள் பெற்றிருந்த வாஷிங்டன் மாண்ட்ரியாலிடம் தோற்ற தொடரில், ஆறாவது ஆட்டத்தில் மட்டும் மாண்ட்ரியால் கோல்கீப்பர் யாரோஸ்லாவ் ஹாலாக் 53 ஷாட்டுகளைத் தடுத்தார். அந்த ஆட்டத்தின் வீடியோப் பதிவைக் கிடைக்குமிடத்தில் தேடிப் பாருங்கள். வாஷிங்டன் வீரர்களின் தோள்கள் நிமிடத்துக்கு நிமிடம் தளர்வது கண்ணுக்கே தெரியும்.

நீங்கள் சொல்லும் பாஸ்டன் தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் 3-2 என முன்னிலையில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மீதி. ஃபுளோரிடா தன் கோல்கீப்பரை வெளியே அழைத்து, ஆறாவது வீரரை இறக்கி, பிரான்டன் மான்டூர் மூலம் சமன் செய்கிறது. பிறகு ஓவர்டைமில் கார்ட்டர் வெர்ஹேகி அடித்த ஒரே ஷாட்டில் 135 புள்ளிகளின் கதை முடிந்துவிட்டது. அந்தக் கடைசி நிமிடத்தில் பக் (மட்டையால் அடிக்கும் தட்டு) வேறு பக்கம் தெறித்திருந்தால், இந்தக் கேள்வியையே நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் பகுதி:

மேலே எழுதியவர் சொன்ன விதிகளை ஏற்கிறேன். ஆனால் பக் தெறித்த திசையில் முடிவைக் கட்டிவிட எனக்கு மனமில்லை. அதே ஃபுளோரிடா அணியின் முந்தைய சீசனைப் பார்க்க வேண்டும்.

2021-22-ல் பிரெசிடென்ட்ஸ் கோப்பையை வென்றது ஃபுளோரிடாதான். 122 புள்ளிகள், லீக்கிலேயே அதிக கோல்கள், ஜானத்தன் ஹூபர்டோ என்ற வீரருக்கு மட்டும், அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து, 115 தனிப்பட்ட புள்ளிகள். பார்க்கக் கண் கொள்ளாத ஆட்டம் அது. ஆனால் இரண்டாவது சுற்றில் டாம்பா பே அந்த அணியை 4-0 என்று துடைத்தெறிந்தது. நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து ஃபுளோரிடா அடித்தது மூன்றே கோல்கள். வேகமாகப் பாய்ந்து செல்லும் அணிக்கு நடுத்தளத்தில் இடமே கொடுக்காமல் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஒரே எதிரியை அடுத்தடுத்துச் சந்திக்கும் தொடர்தான் காட்டும். லீக் சுற்றில் இன்று ஓர் அணி, நாளை மறுநாள் வேறோர் அணி என்று போய்க்கொண்டிருப்பதால், அவ்வளவு நுணுக்கமாகப் பூட்டுப் போட யாருக்கும் நேரமில்லை.

அதற்குப் பிறகு அந்த அணியின் நிர்வாகம் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. லீக்கில் முதலிடம் பிடித்த அணியை அப்படியே விட்டுவைக்காமல், ஹூபர்டோவையும் பாதுகாப்பு வீரர் வீகரையும் கல்கரி அணிக்கு அனுப்பி முன்கள வீரர் மேத்யூ கச்சக்கை வாங்கியது. பால் மாரிஸைப் பயிற்சியாளராக்கியது. எதிரணியின் மூலைக்கே ஓடிப்போய், தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் உடலால் முட்டி மோதி, பக்கைப் பறிக்கும் ஆட்டத்துக்கு மாறியது. புள்ளிகள் 122-லிருந்து 92-ஆகச் சரிந்தன. ஆனால் அந்த 92 புள்ளி அணிதான் பாஸ்டனை வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போய் வேகஸிடம் தோற்றது. பிறகு 2024-லும் 2025-லும் எட்மன்டனை வென்று கோப்பையைத் தூக்கியது. லீக் அட்டவணையில் கீழே இறங்கிய ஆண்டில்தான் அது பிளே-ஆஃபுக்கான அணியாக உருவானது என்பது என் உறுதியான கருத்து.

நீலக்கோடு:

இருவருக்கும் மிக்க நன்றி. 2021-22 கதையை நான் அறிந்திருக்கவில்லை. அப்படியானால் லீக் சுற்றில் மேலே முடிப்பதால் கிடைக்கும் சொந்தத் தள வாய்ப்புக்கு மதிப்பே இல்லையா?

கோல்வலை:

மதிப்பு உண்டு. ஒவ்வொரு முறை ஆட்டம் நின்று தொடங்கும்போதும் வருகை அணி முதலில் வீரர்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சொந்தத் தள அணி தன் வீரர்களை மாற்றும். எதிரணியின் சிறந்த வீரர் இறங்கும்போதெல்லாம் உங்கள் சிறந்த தடுப்பாளர்களை அவர் எதிரே நிறுத்த முடியும். ஏழாவது ஆட்டத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் நான்கு லைன்களையும் (மாறி மாறி இறங்கும் வீரர் குழுக்களையும்) யார் எதிரே வேண்டுமானாலும் நம்பி இறக்கக்கூடிய அணிக்கு அந்தச் சலுகை அவ்வளவாகத் தேவைப்படாது. 2025-ல் ஃபுளோரிடா டாம்பா பே, டொரான்டோ, கரோலினா, எட்மன்டன் ஆகிய நான்கு தொடர்களையும் எதிரணியின் தளத்தில்தான் தொடங்கியது. நான்கையும் வென்றது.