இலங்கைக்காரருக்கு பனியன் கம்பெனி சம்பளம்: டிடிஎஸ் பூஜ்யமா? பிஎஃப் எவ்வளவு?

பனியன்_அக்கவுண்ட்ஸ்:
திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிங்க. இலங்கையிலிருந்து ஒருத்தரை எம்ப்ளாய்மென்ட் விசாவுல புரொடக்‌ஷன் மேனேஜரா எடுத்திருக்கோம். 2025 நவம்பர் 1-ல வந்து சேர்ந்தார். இதுக்கு முன்னாடி இந்தியா வந்ததில்லை. சம்பளம் மாசம் 1,50,000, எல்லாமே பேசிக். அவிநாசி ரோட்டுல கம்பெனி பேர்ல வாடகை வீடு, 18,000. பேரோல் சாஃப்ட்வேர் டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கற வருமான வரி) பூஜ்யம்னு காட்டுது. அப்படியே விட்டுடலாங்களா? பிஎஃப் 15,000-க்கு போட்டா போதுமுங்களா?

நொய்யல்_ஆடிட்:
விட்டுடாதீங்க. சாஃப்ட்வேர் அவரை ரெசிடென்ட்னு (இந்தியாவுல வசிக்கறவர்னு) எடுத்துக்கிட்டு, ரெசிடென்ட்டுக்கு மட்டும் உள்ள 87ஏ வரித் தள்ளுபடியைக் கொடுத்திருக்கு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாள்தான், 182 ஆகலை. அதனால 2025-26-க்கு அவர் நான்-ரெசிடென்ட், 87ஏ கிடையாது. புது வரிமுறை ஸ்லாபும் 75,000 நிலைக்கழிவும் மட்டும் உண்டு.

கணக்கு இப்படி வரும். அஞ்சு மாசச் சம்பளம் 7,50,000. கம்பெனி வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீடுன்னா உண்மை வாடகை, சம்பளத்துல 10% ரெண்டுல எது குறைவோ அதைச் சேர்க்கணும். மாசம் 15,000, மொத்தம் 75,000. (கம்பெனியோட சொந்தக் கட்டடமா இருந்தா நம்ம ஊர் மக்கள்தொகைக்கு 5% தான்.) நிலைக்கழிவு போக 7,50,000. நாலு லட்சத்துக்கு மேல உள்ள 3,50,000-க்கு 5% வரி 17,500, செஸ் 700, ஆக 18,200. மாசம் 3,640 பிடிக்கணும். முதல் ரெண்டு மாசம் விட்டுப்போயிருந்தா மீதி மூணு மாசத்துல சேர்த்துப் பிடிக்க வருமான வரிச் சட்டப் பிரிவு 192(3) இடம் தருது. பான் கார்டு வாங்கலைன்னா 206ஏஏ-ப்படி 20% பிடிக்கணும். பான் வாங்க வெளிநாட்டவருக்கு ஃபார்ம் 49ஏஏ.

வரியைக் கம்பெனியே கட்டிக்கும்னு ஆஃபர் லெட்டர்ல எழுதியிருந்தா அந்த வரியும் சம்பளத்தோட சேரும், கணக்கே மாறிடும். அதை முதல்ல பாருங்க.

கொங்கு_பிஎஃப்:
15,000 உச்சவரம்பு நம்ம ஆளுங்களுக்குத்தாங்க. வெளிநாட்டவர் பிஎஃப் திட்டத்தோட பாரா 83-ல ‘இன்டர்நேஷனல் ஒர்க்கர்’. முதல் நாள்லயிருந்து முழுச் சம்பளத்துக்கும் 12%. அவர் பங்கு 18,000, கம்பெனி பங்கு 18,000. யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) எடுக்கறப்பவே பாஸ்போர்ட் எண், நாடு போட்டு அந்தப் பிரிவுல குறிக்கணும். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டறது பெரும்பாலும் இங்கதான்.

ஜெர்மனி, ஜப்பான் மாதிரி இந்தியாவோட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கற நாட்டுலயிருந்து அங்கத்திய கம்பெனி அனுப்பின ஆளுன்னா, கவரேஜ் சான்றிதழ் (அந்த நாட்டுத் திட்டத்துலயே இருக்கார்ங்கற சான்று) காட்டினா பிஎஃப் வேண்டாம். இலங்கையோட அப்படி ஒப்பந்தம் இல்லை. போகறப்ப பணத்தை எடுத்துக்கவும் முடியாது, பொதுவா 58 வயசு ஆகணும். சம்பளம் பேசறப்பவே இதைச் சொல்லிடுங்க, இல்லைன்னா கையில வர்ற தொகையைப் பார்த்துட்டு ஆளு சண்டைக்கு வருவாரு.

பனியன்_அக்கவுண்ட்ஸ்:
ரொம்ப நன்றிங்க. கர்நாடகா ஹைகோர்ட்டு பாரா 83-ஐ ரத்து பண்ணிடுச்சுன்னு முதலாளி சொல்றாரு. தையல் செக்‌ஷன்ல நேபாளத்துக்காரங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் இப்படித்தானா?

கொங்கு_பிஎஃப்:
2024 ஏப்ரல்ல வந்த தீர்ப்பு அது. 2025 நவம்பர்ல டெல்லி ஹைகோர்ட்டு பாரா 83 செல்லும்னு சொல்லிடுச்சு. கர்நாடகா தீர்ப்பை நம்பி இங்க கட்டாம விடறது சரியில்லைங்க. நேபாளம், பூட்டான்காரங்க பிஎஃப்-க்கு இந்தியத் தொழிலாளி கணக்குதான்; விசாவும் தேவையில்லை.

நொய்யல்_ஆடிட்:
தேதிகளையும் சொல்லிடறேன். டிடிஎஸ் அடுத்த மாசம் 7-க்குள்ள (மார்ச் மாசத்துக்கு ஏப்ரல் 30), பிஎஃப் 15-க்குள்ள. பிடிக்காம விட்டா மாசம் 1% வட்டி, பிடிச்சுட்டுக் கட்டாம வெச்சிருந்தா 1.5%. 24க்யூ (சம்பள டிடிஎஸ் காலாண்டு அறிக்கை) தாமதமானா நாளுக்கு 200 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு ஈஎஸ்ஐ வராது. மாநகராட்சித் தொழில் வரியை மறந்துடாதீங்க, அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம்; சம்பள டிடிஎஸ்ஸுக்குப் பிரிவு 192-க்குப் பதிலா 392. அந்த வருஷம் அவர் இங்க 182 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா ரெசிடென்ட் ஆயிடுவாரு, நிலையை மாத்திட்டுக் கணக்குப் போடுங்க. விசா 180 நாளுக்கு மேலன்னா வந்த 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவுத் தளமான இ-எஃப்ஆர்ஆர்ஓ-வுல பதிவு முடிஞ்சிருக்கணும், அதையும் பார்த்துக்கோங்க.