கர்ப்பப்பை லைனிங் 6 மி.மீ.தான் இருக்கிறதாம், திரும்பத் திரும்பக் கரு கலைய அதுதான் காரணமா?

கயல்_நெல்லிக்குப்பம்:
வணக்கம். எனக்கு 31 வயது. மூன்று முறை கரு தங்கி, மூன்றுமே பத்து வாரம் தாண்டவில்லை. முதல் தடவை டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். அப்புறம் பீரியட்ஸ் ஒரே நாளில் நின்றுவிடுகிறது, அதுவும் கொஞ்சம்தான். கடலூரில் பார்க்கும் டாக்டர் லைனிங் ஏற எஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தார். ஸ்கேனில் அதே 6 மி.மீ. பாண்டியில் ஒரு சென்டரில் ஐ.வி.எஃப்., கருவை வைக்கச் சரியான நேரம் பார்க்கும் ஈ.ஆர்.ஏ. டெஸ்ட், லைனிங்கை லேசாகச் சுரண்டிவிடுவது எல்லாம் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். யாராவது செய்திருக்கிறீர்களா?

செல்வி_பாகூர்:
எனக்கும் லைனிங் ஏறவே இல்லை. முட்டை வளர குளோமிஃபீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதுவே சிலருக்கு லைனிங்கை மெலிதாக்கும் என்றார் டாக்டர். லெட்ரோசோலுக்கு மாற்றியதும் ஏறியது. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

லேப்_அக்கா_முத்தியால்பேட்டை:
கயல், நான் டாக்டர் இல்லை. பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். கர்ப்பப்பைச் சதையை மெழுகில் பதித்து, சீவி, ஸ்லைடு போடுவதுதான் என் வேலை. அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

டி அண்ட் சிக்குப் பிறகு பீரியட்ஸ் குறைந்தது என்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லைனிங் என்கிற உள்சவ்வின் மேலடுக்கு மாதாமாதம் உதிரும், அடியடுக்கிலிருந்து மறுபடி வளரும். சுரண்டும்போது அடியடுக்கில் காயம் பட்டால் தழும்பாகி, முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொள்ளலாம். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயரில்தான் ஆஷர்மன் சிண்ட்ரோம். தழும்பு விழுந்த இடத்தில் எஸ்ட்ரோஜன் எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஏறாது. சாதாரண ஸ்கேனில் ஒட்டல் தெரியாமலும் போகும். ஹிஸ்டெரோஸ்கோபியில் கேமரா வைத்து நேரில் பார்க்கலாம், இருந்தால் அப்போதே பிரித்தும் விடலாம். மில்லிமீட்டர் எத்தனை என்பதைவிட ஏன் ஏறவில்லை என்பதுதான் கேள்வி.

அப்படியே கொஞ்சம் சதை எடுக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் கர்ப்பப்பையில் காசநோய் வருவது அபூர்வமில்லை. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே உள்சவ்வை அரித்துவிடும். பீரியட்ஸுக்குச் சற்று முன்பு எடுத்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: மொத்தச் சதையையும் ஃபார்மலினில் (கெடாமல் வைக்கும் மருந்து) போட்டுவிட்டால் கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, கிருமி செத்துவிடும். ஒரு பகுதியை நார்மல் சலைனில் (உப்பு நீர்) தனி டப்பாவில் கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) அனுப்ப வேண்டும். ஃபார்மலின் டப்பா மட்டும் வந்து சேரும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும், ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு மறுபடி சதை எடுக்கச் சொல்ல வேண்டும். காசநோய் என்று வந்தால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

ஃபார்மலினில் வரும் பகுதியில் நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் (உள்சவ்வு அழற்சி) இருக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு அடையாளமான பிளாஸ்மா செல் (ஒரு வகை வெள்ளணு) சாதாரண சாயத்தில் ஒளிந்துகொள்ளும், சி.டி.138 சாயத்தில் பழுப்பாகத் தெரியும். பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 14 நாள் கொடுப்பார்கள். ஆனால் ஓரிரண்டு செல் தெரிந்ததற்கெல்லாம் பயப்பட வேண்டாம், எத்தனை இருந்தால் நோய் என்பதில் லேபுக்கு லேப் கணக்கு வேறு.

ஈ.ஆர்.ஏ. பற்றி: 2022-இல் வெளியான ஆய்வில் 767 பெண்கள். அந்த டெஸ்ட் சொன்ன நேரத்தில் கரு வைத்தவர்களுக்குக் குழந்தைப் பேறு கூடவில்லை. சுரண்டுவதும் அப்படித்தான். 2019-இல் 1364 பேரில் செய்தவர்கள், செய்யாதவர்கள் இருவருக்கும் குழந்தை பிறந்தது ஒரே 26.1 சதவீதம். உங்களுக்குக் கரு தானாகவே தங்குகிறதே கயல்! தழும்பு இருக்கலாம் என்று சந்தேகப்படும் இடத்தை மறுபடி சுரண்ட விடாதீர்கள்.

லைனிங் ஒன்றே காரணம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பாதியளவுக்குக் குரோமோசோம் கோளாறுதான். தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா? இரண்டாவதில் பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

ரவி_மஞ்சக்குப்பம்:
என் மனைவிக்கு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வைத்துத்தான் கரு தங்கியது. அதையும் கேளுங்கள் சிஸ்டர்.

லேப்_அக்கா_முத்தியால்பேட்டை:
கேட்கலாம் தம்பி, ஆனால் எல்லோருக்கும் இல்லை. காரணம் தெரியாமல் கலைந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்துப் பார்த்த 2015 ஆய்வில் பெரிய பலன் இல்லை. மூன்று அல்லது அதற்கு மேல் கலைந்து, இப்போதைய கர்ப்பத்தில் ரத்தம் பட்டவர்களுக்கு 2019 ஆய்வில் குழந்தைப் பேறு 57 சதவீதத்துக்குப் பதில் 72 ஆனது. அடுத்த முறை லேசாக ரத்தம் பட்டாலும் கயல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கயல்_நெல்லிக்குப்பம்:
நன்றி அக்கா. அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆன்டிபாஸ்போலிப்பிட் யாரும் எழுதித் தரவே இல்லை. சலைன் டப்பாவை நாங்களே கொண்டுபோனால் மறுநாள் கொடுக்கலாமா?

லேப்_அக்கா_முத்தியால்பேட்டை:
அன்றே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் வேண்டாம். டப்பா மேல் பெயரும், எடுத்த தேதியும், 'காசநோய் கல்ச்சர், சிபிநாட்' என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.